ரங்கூனில் ஒரு வெள்ளிக்கிழமை

தை 22, புதன். கப்பலில்

காலையிலிருந்து காற்று. பினாங்கை விட்டு இரண்டாம் நாள். வயிறு இன்னும் ஒரு வழிக்கு வரவில்லை. இவருக்கு ஒன்றுமே இல்லை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி டெக்கில் உட்கார்ந்து பஞ்சாங்கம் புரட்டுகிறார். நடுக்கடலில் நல்ல நேரம் பார்த்து எங்கே புறப்படப் போகிறாராம்?

புளி அவல் தீர்ந்தது. ரவை இருக்கிறது. ஊறுகாய் ஜாடி உடையவில்லை, தெய்வாதீனம்.

பெட்டியைக் கவிழ்த்து மறுபடி அடுக்கினேன். காமுவுக்கு:

சந்தன மரச் சீப்பு
கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெய், ஒரு பாட்டில்
அரக்குப் புடவை (வெள்ளை எடுக்க மனசு வரவில்லை)
பினாங்கு ஜாதிக்காய் ஊறல்

காமு என் தங்கை. எட்டு வயசு சின்னவள். முழங்காலைத் தொடும் தலைமுடி. கல்யாணமாகி அவள் ரங்கூனுக்குப் போகிற வரை பின்னிவிட்டது நான்தான். சிக்கெடுத்தால் ஊரைக் கூட்டுவாள்.

மூன்று வருஷம் முன்பு அவள் அகத்துக்காரர் ரங்கூனிலேயே ஜுரத்தில் போய்விட்டார். அப்பா உடனே அவளுக்கு எழுதினார்: வந்து சேர், ஆக வேண்டியதை முறைப்படி செய்துவிடலாம். ஆக வேண்டியது என்றால் மொட்டை. காமு எனக்கு எழுதினாள்: ‘அக்கா, என்னால் முடியாது. நீ அப்பாவுக்கு ஒரு வார்த்தை எழுது. நீ சொன்னால் கேட்பார்.’

எழுத உட்கார்ந்தேன். “பெரியவா காரியத்துல நீ ஏன் தலையிடறே?” என்றார் இவர். பேனாவை மூடிவிட்டேன். பழியை இவர் மேல் போடுவது சுலபம். எனக்கும் பயம்தான்.

அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒரு வரி இல்லை.

தை 23, வியாழன்

வெயில். மாலையில் தண்ணீர் நிறம் மாறிவிட்டது, சேற்று நிறம். ஆறு கடலில் கலக்கிறதாம்.

விசாரித்தாயிற்று. நாளைக் காலை ரங்கூன். ஒரு பகல்தான் நிற்கும். மூன்று மணிக்கு ஆற்றில் நீர் ஏறியிருக்கும்போது கிளம்பிவிடும். இரண்டுக்குள் ஏறிவிட வேண்டும். யாருக்காகவும் காத்திருக்காது. அடுத்த கப்பல் எட்டு நாள் கழித்து. தம்பி கல்யாணம் மாசி மூன்றாம் தேதி. அதனால் இந்தக் கப்பலை விட முடியாது.

டெக்கில் எங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருப்பவள் தன் பெண்ணிடம்: “எறங்கினா பட்டு லுங்கிதான் மொதல்ல. கோயில் கீயில்லாம் பொறவு.”

போன மாசமே காமுவின் பழைய விலாசத்துக்குக் கார்டு போட்டேன். கப்பல் பெயர், கிழமை, எல்லாம். பதில் இல்லை. இருந்தாலும் போகிறேன். கோபமாக இருப்பாள். இருக்கட்டும். முதலில் உட்கார வைத்துத் தலை வாரிவிடுவேன். பேச்செல்லாம் அப்புறம். எதிரே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, பின்னால் இருந்தால் வரும்.

தை 24, வெள்ளி. ரங்கூன்

மணி நான்கு. கப்பல் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை. நல்ல வெயில், ஆற்றின் மேல் புகை. எட்டரைக்கு இறங்கினோம். மூட்டைகள், ஆந்திரக் கூலிகளின் சத்தம், கருவாட்டு நாற்றம். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கூட்டத்தில் காமு இருக்கிறாளா என்று ஒவ்வொரு புடவையாகப் பார்த்தேன். இல்லை.

பக்கத்துப் படித்துறையில் அக்கரையிலிருந்து ஒரு சம்பான் படகு வந்து ஒட்டியது. அதிலிருந்து நாலு பேர் இறங்கி நேரே எங்களைப் பார்த்து வந்தார்கள். பெண்கள். நாலு பேரும் மொட்டை. மங்கின ரோஜா நிறத் துணி, தலையில் தாம்பாளம், கையில் காகிதக் குடை.

“நாளும் கிழமையுமா எதிர்ல மொட்டைத்தலை! நாலு!” என்றார் இவர். “திரும்பிக்கோ.”

திரும்பிக்கொண்டேன். கிடங்குச் சுவரைப் பார்த்து நின்றேன். இதை எழுதத் தயங்கித்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். யாரும் என் கழுத்தைப் பிடித்துத் திருப்பவில்லை. ஊரில் எத்தனை தரம் செய்திருப்பேன், பழக்கம். ஓரக்கண்ணால் தெரிந்தது: மூன்று பேர் தாண்டிப் போனார்கள். கடைசியில் வந்தவள் நின்றாள். தாம்பாளத்தை இறக்கிக் கீழே வைத்தாள். பிச்சை கேட்கிறாள் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்து முகத்தை இன்னும் மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் இல்லை.

“செத்த உக்காந்து ஜலம் குடிச்சுட்டுப் புறப்படலாம்” என்றார் இவர். சகுனத் தடைக்குப் பரிகாரம். உட்கார்ந்தோம். குடித்தோம். புறப்பட்டோம்.

குதிரை வண்டியில் லத்தா தெரு. சீனன் கடைகள் நடுவே ஒரு குடைக்கடை. அதன் மாடிதான் காமுவின் விலாசம். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து ராவுத்தர், நரைத்த தாடி. பெயர் சொன்னதும் முகம் மலர்ந்தது. எங்கள் பின்னால் பார்த்தார், இன்னும் யாரோ வர வேண்டும் என்பதுபோல.

“தங்கச்சி எங்கம்மா? கூட வரலியா?”

“நாங்க அவளைத் தேடிண்டுதானே வந்திருக்கோம்” என்றேன்.

“ஒங்க கார்டை நாந்தானே அக்கரையில டாலாவுக்குக் குடுத்தனுப்பினேன்! அக்கா வருதுன்னு கப்பலடிக்கே போறேன்னு சொல்லிச்சே. இன்னிக்கு அரிசிக்கு வர்ற நாளு. பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முந்தி மடத்துக்காரங்க சம்பான்ல இக்கரை வந்து, வீடு வீடா அரிசி வாங்குவாங்க.”

“எந்த மடம்?” என்று கேட்டார் இவர்.

“ஒங்களுக்குத் தெரியாதா சாமி? தங்கச்சி சயாலே ஆகி ரெண்டு வருஷம் ஆச்சே. பர்மாக்காரங்க பொம்பளைச் சாமியாருங்க. தலையை மழிச்சுக்கிட்டு, ரோஸ் துணி கட்டிக்கிட்டு...”

மீதியை அவர் சொன்னார். நான் கேட்டேனா தெரியவில்லை. மாடியில் ஜாக்கெட் தைத்துப் பிழைத்ததாம். ஊருக்குக் கூப்பிட்டு அப்பா எழுதிய கடிதாசு வந்தபடியே இருந்ததாம். ஒருநாள் அக்கரைக்குப் போய்த் தானே கேட்டுத் தலையை மழித்துக்கொண்டதாம். “அழுவலிங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் வந்து நின்னிச்சு. இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க, பாய்னு சொல்லிச்சு.”

இவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாக, “தெரிஞ்சிருந்தா...” என்றார்.

“தெரிஞ்சிருந்தா மட்டும்?” என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவரை இப்படி வாயடைக்க வைத்தது இதுவே முதல் தடவை. ஒரு சந்தோஷமும் இல்லை.

“எங்கிட்டும் போவாதீங்க, பதினோரு மணிக்குள்ள இங்கன வந்துருவாங்க” என்றார் ராவுத்தர். பத்தரையிலிருந்து ராகு காலம். அதைப் பற்றி இவர் வாயே திறக்கவில்லை. காத்திருந்தோம். எதிர்க் கடையில் ஒருவன் வாத்து உரித்துக்கொண்டிருந்தான். பதினொன்று. பன்னிரண்டு. மடியில் புடவைப் பொட்டலம், எண்ணெய், சீப்பு.

பன்னிரண்டரைக்கு ரோஜா நிறத்தைத் தெருமுனையில் பார்த்தேன். ஓடினேன். நடுத்தெருவில், செருப்பில்லாமல்.

மூன்று பேர்.

மூத்தவள் பர்மியில் சொன்னதை ராவுத்தர் தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார். “தலைவலின்னிச்சாம். கப்பல்துறையிலேருந்தே திரும்பிப் போயிடுச்சாம்.”

மூவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ராவுத்தர் வீட்டு அரிசியை அள்ளி மூன்று தாம்பாளத்திலும் போட்டேன். பாதி தெருவில் சிந்தியது.

கப்பல்துறைக்கு வரும்போது மணி ஒன்றேகால். சம்பான்காரனிடம் ராவுத்தர் கேட்டார். அக்கரை போக அரை மணி, மடத்துக்கு நடக்க அரை மணி. திரும்ப அதே.

“ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்” என்றேன். “நீங்க கப்பல்ல ஏறுங்கோ.”

“உன்னை இங்கே விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? அங்கே கல்யாணத்துல உங்கப்பா கேட்டா என்னன்னு சொல்றது?” அதட்டவில்லை. கெஞ்சினார். அதட்டியிருந்தால் ஒருவேளை சம்பானில் ஏறியிருப்பேன்.

சாமான்களை ராவுத்தரிடம் கொடுத்தேன். புடவையையும் ஊறலையும் வாங்கிக்கொண்டார். எண்ணெய்ப் பாட்டிலை, “மடத்துல விளக்கெரிப்பாங்க” என்று வாங்கிக்கொண்டார். சீப்பைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இதை எப்படிம்மா நான் குடுக்கிறது” என்றார்.

திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கப்பல் நகர்ந்தபோது டெக்கில் டாலா கரைப் பக்கம் போய் நின்றேன். தென்னை, கூரைகள், சேறு. யாரும் இல்லை. இருந்தாலும் நின்றேன்.

தை 25, சனி. கப்பலில்

காற்று இல்லை. தண்ணீர் மறுபடி நீலம்.

ரவை உப்புமா. உப்பு ஜாஸ்தி. இவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று இரண்டு தரம் கேட்டார். இவர் மொட்டை என்ற வார்த்தையைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார். பார்க்கவில்லை என்று சொல்லுங்கோ என்றேன். அது நிஜம்தானே.

பஞ்சாங்கம் பெட்டிக்குள் போய்விட்டது.

பக்கத்துப் பாய்க்காரி பட்டு லுங்கியை விரித்துக் காட்டினாள். நல்ல பச்சை. தலை ஏன் இப்படிக் கிடக்கிறது, வா பின்னிவிடுகிறேன் என்றாள்.

தலைவலி என்றேன்.