கயிற்றைத் தளர்த்திப் பிடித்தேன்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

"கால் சரியாயிடுச்சு, நாளைக்குப் பிள்ளைங்களை ஏத்தலாம்" என்று நேற்று குதிரையை ஓட்டிக் காட்டினீர்களே, கயிற்றைத் தாடைக்குக் கீழேயே இறுக்கிப் பிடித்திருந்தீர்கள். அப்படிப் பிடித்தால் எந்த நொண்டிக் குதிரையாலும் தலையை ஆட்டி வலியைக் காட்ட முடியாது. இருபது வருஷமாகச் சவாரி சொல்லிக்கொடுப்பவருக்கு இது தெரியாதா?

இன்று காலை நானே சிமென்ட் பாதையில் கயிற்றைத் தளர்த்தி ஓட்டினேன். இடது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் போட்டது. இன்னும் வலிக்கிறது. அது மடங்கி விழுந்தால் மேலே இருப்பது ஊரார் பிள்ளை.

எல்லா வீட்டுக்கும் போன் பண்ணி, இன்று சவாரி இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்கள் மானம் கப்பலேறினால் ஏறட்டும். கால்நடை டாக்டரைக் கையோடு கூட்டிவரப் போகிறேன். பதினோரு மணிக்கு வந்துவிடுவோம்.

லாயத்துச் சாவி என்னிடம். தேட வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. அது நொண்டுவதைப் பார்க்க உங்களுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். டாக்டர் முன்னால் நானே ஓட்டிக் காட்டுகிறேன். பார்க்க முடியாவிட்டால் நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருங்கள்.