உன் நீல மழைக்கோட்டு

என் வீட்டுக்காரிக்கு,

மகளும் பேத்தியும் நலம் என்றாய், மகிழ்ச்சி. அவசரப்படாமல் இருந்துவிட்டு வா. இங்கே எல்லாம் பிரமாதம்.

நம் குளத்து மீன்கள்தான் அடம்பிடித்தன. நான் போய் நின்றால் ஒன்றுகூட மேலே வரவில்லை. உன்னைப்போல் ஒரு பிடி போட்டு, அது தீர்ந்ததும் அடுத்த பிடி போட எனக்கு ஏது பொறுமை? வாளித் தீவனத்தை அப்படியே கொட்டினேன். அது அடியில் கிடந்து அழுகி, தண்ணீர் நாறிவிட்டது. பாதியை இறைத்துத் தோட்டத்துக்கு விட்டேன். கத்தரிச் செடிகளுக்கு மட்டும் கொண்டாட்டம்.

ஆஸ்பத்திரிச் சமையல்காரர் மீனை மோந்து பார்த்தார். "சத்துக்காகத்தான் உங்க மீனை வாங்குறோம். இந்தச் சேத்து வாடையில எந்த நோயாளி வாயில வைப்பாரு? அம்மா ஊர்ல இல்லையா?"

மறுநாள் உன் நீல மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வாயே திறக்காமல் கரையில் நின்றேன். அத்தனையும் முட்டி மோதிக்கொண்டு வந்தன. பிடி பிடியாகப் போட்டேன், துளியும் மிஞ்சவில்லை. இப்போது தண்ணீர் தெளிந்துவிட்டது, சமையல்காரரும் சிரிக்கிறார்.

ஆகவே அவசரமே இல்லை. உன் மழைக்கோட்டைக் கதவில் மாட்டிவிட்டு, அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். மீன்கள் ஏமாந்துவிட்டன. எனக்குத்தான் அப்படி ஏமாறும் சாமர்த்தியம் வரவில்லை.

உன் கோட்டுக்குள் அடங்காத வயிற்றோடு,
நான்தான்