லைட்டு கொஞ்சம் தேவனூர்

என் அருமைக் கொழுந்தனாரே, வாய் நீண்ட தங்கராசு,

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. பாசம் பொங்கிக் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நம் சண்டை பாதியில் நிற்கிறது. அதை முடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துப் பிழையை உன் மகள் கௌசி பக்கத்தில் இருந்து திருத்துகிறாள். கோபத்தில் கை வைக்கக் கூடாது என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் உன் படம். உங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு, மாலை சாத்தி மாட்டியிருக்கிறார்கள். ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கியது. மூஞ்சியில் நேராக வெளிச்சம் அடித்து, மூக்கும் கன்னமும் ஒன்றாகி, தோல் உரித்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்கிறாய். ஊரார் மூஞ்சியை எல்லாம் லட்சணமாகப் படம் எடுத்தவனுக்குத் தன் மூஞ்சிக்கு ஒரு நல்ல படம் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழவு வீடாயிற்றே என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து நாலு பேர் என்னைத் தேற்றினார்கள்.

நிச்சயம் முடிந்த ஜோடிகளை நம் மலைக்குக் கூட்டி வந்து படம் எடுக்கும் வழக்கம் வந்தபோது, உனக்கு லைட்டுப் பிடிக்க ஆள் நிற்கவில்லை. கீழே இருந்து வருகிறவர்கள் எழுபது வளைவு ஏறுவதற்குள் வாந்தி எடுத்துப் படுத்துவிடுவார்கள். நீ என்னிடம் வந்தாய்.

"மிளகு மூட்டை தூக்குற கைதானுங்க அண்ணி. ஒரு குச்சியத் தூக்க முடியாதுங்களா?"

தூக்கினேன். கேமராத் தலையிலேயே லைட்டு இருந்தால் மூஞ்சி தோசையாகிவிடும் என்று சொன்னாய். மூடுபனி இருந்தால் வெளிச்சம் அதில் பட்டு, வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும் என்றாய். அதனால் லைட்டைக் கழற்றிக் குச்சியில் மாட்டி, வெள்ளைக் குடை வைத்து, ஜோடிக்குப் பக்கவாட்டில் தலைக்கு மேலே நான் பிடிக்க வேண்டும். நீ கேமராவை அமுக்கினால் ரிமோட்டு சொல்லி என் கையில் மின்னல் வெட்டும். "முதல்ல ஆகாசத்து வெளிச்சத்துக்குக் கேமராவ வெக்கோணும், மூஞ்சிய லைட்டு பாத்துக்கும்" என்பாய். பேசும்போது ஏதோ ஆகாசத்துக்கே பட்டா வைத்திருக்கிறவன் மாதிரி இருக்கும்.

முதல் நாளே அடித்துக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? இடது பக்கம் என்றாய், போனேன். "அது வலதுங்க அண்ணி" என்றாய். உன் இடது எனக்கு வலது என்பது எதிரெதிரே நிற்கிற இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன், ஊர் பேரைச் சொல்லு, ஊர் இடம் மாறாது என்று. அன்றிலிருந்து லைட்டை உயர்த்த வேண்டுமானால் மலை மேலே இருக்கிற தேவனூர். இறக்க வேண்டுமானால் அடிவாரத்துச் சேந்தமங்கலம். பக்கவாட்டில் நகர்த்த வேண்டுமானால் மலையின் அந்தப் பக்கத்துப் பைல் நாடு. வந்தவர்கள் நம்மைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். ஒரு மாப்பிள்ளையின் மாமன், "சேந்தமங்கலம், இன்னும் சேந்தமங்கலம்" என்று நீ கத்தியதைக் கேட்டுவிட்டு, தங்களை மலை இறங்கிப் போகச் சொல்கிறான் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். அவரைச் சமாதானம் செய்து இறக்குவதற்குள் பொழுதே போய்விட்டது.

அப்படிப் பன்னிரண்டு வருடம் பிடித்தேன். காற்றில் குடை இழுக்கும்போது அதனோடு நானும் இழுபட்டேன். வெட்கப்படுகிற பெண்களை ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தது நான். சேலை மடிப்பைச் சரி செய்ததும் நான். அதற்கு நீ எனக்கு என்ன பேர் வைத்தாய்?

வியூ பாயிண்டில் ஒரு நாள் இருபது பேர் நின்றார்கள். பெண்ணின் சித்தப்பா கேட்டார், "இந்தம்மா யாருங்க, உங்க சொந்தமுங்களா?" நீ கேமராவில் இருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"அது நம்ம ஸ்டாண்டுங்க. வாய் மட்டும் கூட வெச்சு வந்திருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களை விடச் சத்தமாக. நான் ஊரையே கேலி பண்ணுகிறவள், எனக்குக் கேலி தாங்காதா? தாங்கும். ஆனால் நீ கேலியாகச் சொல்லவில்லை, தங்கராசு. அண்ணி என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தது. வெளுத்த சேலையும் வெடித்த பாதமுமாக நின்ற என்னை, பெரிய இடத்து ஆட்கள் முன்னால் சொந்தம் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதை நான் கண்டுகொண்டேன் என்பதும் உனக்குத் தெரியும்.

மறுநாள் லைட்டையும் குடையையும் உன் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். நீ என்ன செய்தாய்? நாமக்கல் போய் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று வாங்கிவந்து, என் வீட்டு வழியாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனாய். உன் வீட்டுக்கு அது வழியே இல்லை. "இது பேசாதுங்க அண்ணி" என்று ஒரு வார்த்தை வேறு. உன் அண்ணன் என் கையில் இருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி வைத்ததால் தப்பித்தாய்.

எட்டு மாதம் பேசவில்லை. அப்புறம் ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியிருக்கிறாய். எங்கே போகிறாய் என்று கண்டக்டர் கேட்டதற்குச் சேந்தமங்கலம் என்று சொல்லியிருக்கிறாய். பாதி வளைவு இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஊர் பேரை ஆயிரம் தடவை என்னிடம் கத்தியிருக்கிறாய். நிஜமாகவே அங்கே புறப்பட்ட அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா? கூப்பிடு தூரத்தில்தானே என் வீடு இருக்கிறது. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வரத் தெரிந்த காலுக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரத் தெரியவில்லையா?

சரி, இப்போது நடந்ததைக் கேள்.

கௌசிக்கு நிச்சயம் ஆகிவிட்டது. சேந்தமங்கலத்துப் பையன், கட்டட வேலை மேஸ்திரி, நல்ல மாதிரி. போன வாரம் வியூ பாயிண்டில் வைத்துப் படம் எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நாமக்கல்லில் இருந்து படக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, முட்டி கிழிந்த பேண்டு. லைட்டைக் கேமராத் தலையில் செருகியே வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே தோசைதான் என்று தெரிந்துவிட்டது. நான் பூக்கூடையோடு ஒரு ஓரமாக நின்றேன். எனக்கென்ன, நான்தான் அந்த வேலையை விட்டாயிற்றே.

பின்னால் வெயில் இறங்குகிறது, பள்ளத்தில் இருந்து மூடுபனி ஏறுகிறது. லைட்டில்லாமல் எடுத்தார், இரண்டு பேரும் படத்தில் கரிக்கட்டையாக விழுந்தார்கள். லைட்டோடு எடுத்தார், பனி சுண்ணாம்புச் சுவராகிவிட்டது, கௌசியின் மூஞ்சி உன் சுவர்ப் படம் மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார்.

"பொண்ணு நெறம் கொஞ்சம் கம்மியா விழுகுதுங்களே."

"அத ஒண்ணும் யோசிக்காதீங்க. கம்ப்யூட்டர்ல போட்டு வெள்ளை பண்ணிரலாம்."

கௌசி உன் நிறம். உன்னைப் போலவே ஈட்டி மரத்து நிறம். அவள் கீழே பார்த்துக்கொண்டாள். இப்படி வெள்ளையடித்த ஒரு படம் கூடத்தில் மாட்டினால், அந்த வீட்டில் காலத்துக்கும் அதன் கீழே அவள் நடக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் அவளைப் பார்ப்பார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க சார், கம்ப்யூட்டரு எதுக்குங்க? சுண்ணாம்பு ஒரு சட்டி கொண்டாரேன், இங்கயே நேரா அடிச்சிரலாம்" என்றேன்.

மாப்பிள்ளை மட்டும் சிரித்தார். அப்போது கௌசி தன் துணிப் பையைத் திறந்தாள். உள்ளே உன் லைட்டு, குடை, ரிமோட்டு. பேட்டரி எல்லாம் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறாள் கள்ளி.

"நான் ஸ்டாண்டு இல்ல கண்ணு" என்றேன்.

"தெரியுங்க பெரியம்மா. ஸ்டாண்டும் வேன்ல கெடக்குது."

அதையும் எடுத்து வந்து விரித்தார்கள். காற்று ஒரு வீச்சு வீசியது. குடை உப்பியது. உன் பேசாத ஸ்டாண்டு மூன்று காலையும் தூக்கிக்கொண்டு விழுந்தது. நல்ல வேளை, மாப்பிள்ளை லைட்டைப் பிடித்துவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் எழுத முடியாது. பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குச்சியைக் கையில் வாங்கினேன்.

"முதல்ல ஆகாசத்துக்கு வையுங்க சார். மூஞ்சிய நான் பாத்துக்கறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் உன் ரிமோட்டைத் தன் கேமராவில் மாட்டினார், ஆகாசத்துக்கு வைத்தார். ஒன்று எடுத்தார், வெளிச்சம் சரியில்லை. "லெஃப்ட் போங்கம்மா" என்றார். எந்த லெஃப்ட்? நான் முழித்தேன். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் இருந்து உன் மகள் சத்தம் போட்டாள்.

"பெரியம்மா, பைல் நாட்டுப் பக்கம் வாங்க. இன்னும் கொஞ்சம். இப்பத் தேவனூரு."

மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போனார். "ஏனுங்க, வெயில் எறங்குதே, இனி எத்தன ஊருங்க போறது?"

நான் லைட்டைத் தேவனூருக்கு ஏற்றினேன். மின்னல் வெட்டியது.

கேமராவுக்குப் பின்னால் எல்லாரும் கூடினார்கள். பின்னால் மலை நீலமாக, பனி பஞ்சு மாதிரி, முன்னால் கௌசி. கறுப்புதான். அந்தக் கறுப்பில் கன்னம் மின்னியது, மூக்குத்தி மின்னியது. உன் மூக்கு அப்படியே, என்ன செய்வது. மாப்பிள்ளையின் அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். நிறத்தைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. "இது ரொம்ப நல்லா இருக்குதே, யாரு எடுத்தது?" என்றார். படக்காரர், "நான்தாங்க" என்று முன்னால் வந்தார்.

கௌசி சொன்னாள், "எடுத்தது அவருங்க அத்தை. வெளிச்சம் எங்க பெரியம்மா."

அவ்வளவுதான், தங்கராசு. ஒரே ஒரு வரி. இதைச் சொல்ல உனக்குப் பன்னிரண்டு வருடம் இருந்தது.

உன் ஸ்டாண்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கொல்லையில் நட்டு அவரைக் கொடி ஏற்றியிருக்கிறேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. பேசாததுக்கு அது சரியான வேலை.

உன்னை மன்னித்தேனா என்று கௌசி இப்போது கேட்கிறாள். இல்லை. கேட்காதவனுக்கு நானாகக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். தையில் கல்யாணம். அன்றைக்கும் லைட்டு என் கையில்தான். பொண்ணும் மாப்பிள்ளையும் உன் சுவர்ப் படத்துக்கு முன்னால் நின்று ஒன்று எடுக்க வேண்டுமாம். கண்ணாடி போட்ட படம். நேராக அடித்தால் வெளிச்சம் திரும்பி, நீ இருக்கிற இடத்தில் வெள்ளைப் பொட்டுதான் விழும். பக்கவாட்டில், கொஞ்சம் தேவனூர் ஏற்றிச் சாய்த்துப் பிடித்தால் உன் மூஞ்சி தெரியும். சாய்த்துப் பிடிக்கிறேன். ஸ்டாண்டுக்கு அது வராது.

இப்படிக்கு,
நாலு பேர் முன்னால் நீ சொல்லாமல் விட்ட சொந்தம்,
உன் அண்ணி பொன்னாயி