பேணியை விட்டுப் பையை எடுத்த அப்பா

அன்புள்ள மகள் அமலினிக்கு,

அம்மா பலெர்மோவிலிருந்து எழுதுவது. ஆண்டவருடைய கிருபையாலும் மலைமேல் இருக்கிற சாந்தா றொசாலியாவின் மன்றாட்டாலும் நானும் அப்பாவும் நலம். நீயும் மருமகன் விமலராஜும் அந்த பேர்கன் ஊர் மழையில் காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன். போன மாதங்களில் போனில் நலம் நலம் என்று நான் சொன்னதெல்லாம் பேச்சுக்குச் சொன்னது, இந்த முறை மனதாரச் சொல்கிறேன். அப்பாவைப் பற்றிப் போனில் கதைக்க ஏலாது, பக்கத்துக் கதிரையிலேயே இருப்பார். அதனால்தான் மேல்மாடிப் பிள்ளை கேசவென் அவரைக் கைப்பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போன நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

உன் பெட்டி வந்த அன்று உன்னை எவ்வளவு திட்டினேன் என்று உனக்குத் தெரியாது. பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துபோன மனிசனுக்கு, ஆஸ்பத்திரி டொத்தொரெஸா ஒரு சின்னக் கிளாசுக்கு மேல் வாயில் வைக்கக்கூடாது என்று சொன்ன மனிசனுக்கு, வீட்டில் பியர் காய்ச்சுகிற சாமான் அனுப்பியிருக்கிறாளே, இவளுக்கு என்ன விசரா என்று விமலராஜையும் சேர்த்துத் திட்டினேன். போனில் கேட்டபோது நீ, அது குடிக்க இல்லை அம்மா, அவருக்குக் கையால் செய்ய ஒரு வேலை வேண்டும் என்றாய். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவர் எப்படி இருந்தார் என்று நான் உனக்கு முழுதாகச் சொல்லவும் இல்லை. வியா மக்வேதாத் தெருவில் அந்த றிஸ்தொராந்தே சாப்பாட்டுக்கடைக் குசினியில் பாஸ்தா அவிக்கிற கிடாரத்தைத் தனியாகத் தூக்கி வடித்த ஆள், சேட்டுக்குப் பொத்தான் போடக்கூட என்னைக் கிட்ட விடவில்லை. பொத்தானோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுவார், முடியாவிட்டால் சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு பெனியனோடு இருப்பார். தேத்தண்ணி சிந்தினால் நான் துணி எடுப்பதற்குள் முகத்தைத் திருப்பிவிடுவார். பூசையில் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கைகொடுக்க வேண்டிவரும் என்று கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

பெட்டியைத் திறந்ததும் பிடித்தது பார் ஒரு வாக்குவாதம். முதல்தரம் செய்கிறவர்கள் எந்த முறையால் தொடங்கலாம் என்று நீ சொன்னதை நான் மேல்மாடிக் கேசவெனிடமும் கேட்டேன். மொறீசியஸ்காரப் பிள்ளை, எங்களோடு இத்தாலியனில்தான் கதைப்பான், ஆனால் தங்கமான பிள்ளை, தன் வீட்டில் இரண்டு வருடமாகக் காய்ச்சுகிறான். அவனும் நீ சொன்னதையே சொன்னான். தகரப் பேணியில் அடைத்து வருகிற பார்லிப் பாகைச் சுடுதண்ணீரில் கரைத்து ஈஸ்ட் போட்டு மூடிவைப்பதுதான் சுகமான வழி, பிழை விட இடம் குறைவு. இரண்டாவது, முளைகட்டி அரைத்த பார்லியைத் துணிப் பையில் போட்டு ஒரே பானைக்குள் ஊறவைத்துப் பையைத் தூக்கி வடிப்பது. மூன்றாவதுக்கு மூன்று பானை, பம்பி, குழாய் எல்லாம் வேண்டும், அதை இந்தக் குசினிக்குள் வைத்தால் நான் வெளியே போய்த்தான் சமைக்க வேண்டும். நீ ஒரு பேணியும் ஒரு பையும் அனுப்பியிருந்தாய். அப்பா பேணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். வேறு ஆள் காய்ச்சினதைக் கரைக்கிறதுக்கு நான் என்னத்துக்கு என்றார். காரணம் அது இல்லை என்று எனக்குத் தெரியும். பேணிக்கு ஒற்றைக் கை போதும், அதுதான் அவருக்குச் சுட்டது. நனைந்த பார்லி என்ன பாரம், கொதிநீர் மேலே பட்டால் என்ன செய்வது என்று நான் கத்த, அவர் கத்த, இரண்டு நாள் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் கேசவென்தான் பாதி அளவு செய்யலாம் அங்கிள் என்று சமாதானம் செய்து, தான் வேலைக்குப் போகிற பகேரியா ஊர்க் கடையொன்றில் பார்லியை அரைப்பித்து றெயினில் கொண்டுவந்தான். அந்தப் பிள்ளை செய்ததை நான் மறக்கமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கினார்கள். என்னைக் குசினிக்குள் வரவேண்டாம் என்று கட்டளை. நான் வாசலில் நின்று, சாந்தா றொசாலியாவின் மலைக் குகையில் பிடித்துவந்த தீர்த்தப் போத்தலைக் காட்டி, ஈஸ்ட் போடும்போது இதிலும் ஒரு சொட்டு விடுங்கோ என்றேன். கேசவென் பதறிவிட்டான். கொதித்து ஆறின பிறகு கழுவிச் சுத்தம் பண்ணாத ஒன்றும் உள்ளே போகக்கூடாது, போனால் புளித்துவிடும் என்றான். அப்பா சிரித்துக்கொண்டு போத்தலை வாங்கி அடுப்பு மூட்டுமுன்னமே பானைக்குள் கவிழ்த்துவிட்டார். கொதிச்சாலும் றொசாலியாத் தாய் தாய்தான் என்றார். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு பிள்ளை, எனக்கு அதுவே போதும் போல இருந்தது. பிறகு பையை இறக்கி, பானையைப் பழைய கம்பளியால் சுற்றி வைத்தார்கள். வீடெல்லாம் வறுத்த தானிய மணம். ஊறி முடிந்ததும் பையைத் தூக்க வேண்டும். இடக்கையால் முடிச்சைப் பிடித்துத் தூக்கினார், பாதி மேலே வந்தது, வலக்கையால் பையின் காதைப் பிடிக்கப் பார்க்கிறார், விரல் மடங்கவில்லை. பை ஆடுகிறது, சூட்டுத் தண்ணீர் ஒழுகுகிறது. கேசவென் பாய்ந்து போகப் பார்த்தான், நான் கண்ணால் வேண்டாம் என்றேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"இஞ்சேரும், ஒரு பக்கம் பிடியும்."

ஓடிப்போய்ப் பிடித்தேன். சொட்டுச் சொட்டாக வடியும்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு பானைக்கு மேலே நின்றோம். பாரமோ என்று கேட்டார், இல்லை என்று பொய் சொன்னேன். கை கடுத்தது, கண்ணால் தண்ணீர் வந்தது, ஆவி அடிக்குது என்று சொல்லிவிட்டேன். பேணிதான் நல்லது என்று நீ சொன்னாய், கேசவென் சொன்னான், நானும் சொன்னேன். மூன்று பேரும் சொன்னது சரிதான். ஆனால் பேணியை எடுத்திருந்தால் ஒற்றைக் கையால் கரைத்து முடித்துவிட்டுப் பழையபடி கதிரையில் போய் இருந்திருப்பார். அந்தப் பையை நீ பெட்டிக்குள் வைத்ததற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை என்றாலும் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கத் தொடங்கிவிட்டார். பொத்தான் போடும் என்பார், நான் போட்டுவிடுவேன், மேல் பொத்தானை மட்டும் அவரே போட்டுக்கொள்வார். லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்கிற வீட்டுக்காரி சிஞ்ஞோரா வெறும் போத்தல்கள் சேர்த்துத் தந்தா, அவவுக்கும் ஒன்று கொடுக்க வேண்டும். பியர் நுரைத்து அடங்கிப் போத்தலில் அடைத்த அன்று, மூடி அடிக்கிற கருவிக்கு இரண்டு பிடி, ஒன்றை அவர் இடக்கையால் அமர்த்த மற்றதை நான் அமர்த்தினேன். போன ஞாயிறு பூசைக்கு வந்தார், சமாதானத்துக்கு இடக்கையை நீட்டினார், ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. போத்தல்களைக் குளியலறை மூலையில் வைத்திருக்கிறோம், நீங்கள் நத்தார்ப் பண்டிகைக்கு வரும்வரை திறக்கக்கூடாது என்று சட்டம். புளித்துப்போயிருந்தாலும் நல்லாயிருக்கு என்று சொல்லு, விமலராஜிடமும் சொல்லிவை, அவர் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற ஆள். நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று வெறும் கோப்பியோடு ஓடாதே. பாஸ்போட் எப்போது முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார், கடைசி நேரத்தில் ஓடாதே. வரும்போது போத்தல் மூடி கொஞ்சம் கொண்டுவா, அப்பா அடுத்ததற்கு இப்போதே திட்டம் போடுகிறார். அலுமாரிக்கு மேலே இருக்கிற பேணியைக் கேசவெனுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். முடிக்கப் பார்க்க அப்பா வந்துவிட்டார், பிள்ளைக்கோ எழுதுறீர் என்று கேட்டார், ஓம் என்றேன். என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை. பேனையை வாங்கி வலக்கை விரல்களுக்குள் வைத்துக்கொண்டு, தாள் அசையுது பிடியும் என்றார். பிடித்துக்கொண்டேன். கீழே கோணலாக இருப்பது அவருடைய எழுத்து.

என்றும் உன் அன்பு அம்மா,
மாக்கிரட்

அப்பா அலோசியஸ்