பதினெட்டு நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, அப்பாவிடம்கூட. உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

பெருந்தொற்றை ராணுவ மருத்துவமனை எப்படிச் சமாளித்தது என்று ஆராய நாளை ஒரு குழு வருகிறது. அங்கே ஸ்டோர் கிளார்க்கான சித்தப்பா, "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கே மகாராணி, இதைப் புதுசா எழுதிக் குடு" என்று முகக்கவசப் பதிவேட்டை நீட்டினார். தேதிகளை மட்டும் மாற்றச் சொன்னார். பெரிய அதிகாரி கையெழுத்துப் போடாததால் முகக்கவசப் பெட்டிகள் பதினெட்டு நாள் ஸ்டோரிலேயே பூட்டிக் கிடந்திருக்கின்றன. நான் எழுதிய புதிய பதிவேட்டில் முதல் நாளே வார்டுக்குப் போய்விட்டன.

அந்த நாட்களில்தான் உன் தங்கை முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அதே வார்டில் நர்ஸ் வேலை பார்த்து, நோய் தொற்றி இறந்தாள்.

"சித்திக்கும் கிடைச்சிருக்குமே, சித்தப்பா?"

"பேசாம எழுதுடி. என் வேலை போனா உன் படிப்பும் போச்சு." அவர் கண் கலங்கியிருந்தது.

பழைய பதிவேட்டிலிருந்து அந்தப் பதினெட்டு நாள் பக்கத்தைக் கிழித்து இதனுடன் வைத்திருக்கிறேன். குழுவுக்கு அனுப்பிவிடு. என் பழைய போர்வையை அனுப்பு, இங்கே தனியாகத் தூக்கம் வரவில்லை.

சித்தப்பா கதவைத் தட்டுகிறார். "பழசைக் குடும்மா, இப்பவே எரிச்சிடறேன்" என்கிறார். அவர் பக்கங்களை எண்ணிப் பார்த்தால்