சுளவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், மதினி

அன்புள்ள மதினி,

நேற்று அம்பாசமுத்திரத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் ஏறி உட்கார்ந்தாள். மடியில் ஒரு பை, அதற்குள் ஈரச் சாக்கில் சுற்றிய பீடி இலை. பஸ் கிளம்பிக் காற்று அடித்ததும் நனைந்த இலையும் புகையிலைத் தூளும் கலந்த அந்த வாசனை என் முகத்தில் வந்து மோதியது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது பீடி வாசனை. எனக்கு அது உங்கள் சேலை வாசனை, நீங்கள் சோறு போட்டுத் தந்த கையின் வாசனை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டு நடந்து திரும்பினேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்தபோது எனக்கு மில்லில் வேலை கிடைத்த புதிது. நம் தெருவில் ஆண்கள் மில்லுக்குப் போனார்கள், பெண்கள் பீடி சுற்றினார்கள். அண்ணனுக்கு சைக்கிள் கடை. அதில் வருவது வாடகைக்கே சரியாக இருக்கும். வீட்டில் உலை கொதித்தது உங்கள் சுளவால்தான். மடியில் முறம் போன்ற அந்தச் சுளவை வைத்து, இலையில் தூளைப் பரப்பி உருட்டி நூல் கட்டிக்கொண்டே என்னிடம் ஊர்க்கதை எல்லாம் பேசுவீர்கள். விரல்கள் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

நானோ பீடிக்கு அடிமை. மில்லுக்குள் பஞ்சு இருப்பதால் நெருப்பு கூடாது. சங்கு ஊதியதும் வாசலைத் தாண்டி ஓடிவந்து பற்றவைப்பவர்களில் நான்தான் முதல் ஆள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் இருமும்போது சளியில் ரத்தம் கண்டது. நீங்கள்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, காசநோய் இல்லை, ஆனால் இனியும் புகைத்தால் இந்த நெஞ்சு தாங்காது என்றார். அந்தப் பயத்தில் விட்டேன்.

விட்டவன் இருந்ததோ பீடி சுற்றும் வீட்டில். உள்ளே நுழைந்தாலே தூள் வாசனை நாக்கை இழுக்கும். "மதினி, சுளவைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்பேன். நீங்களும் சிரித்துக்கொண்டே அடுக்களைப் பக்கம் நகர்ந்துவிடுவீர்கள். தினமும் இதே பேச்சு. மாதங்கள் போயின. இருமல் நின்றது. இருமல் நின்றதும் பயமும் நின்றுவிட்டது.

என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த செல்லத்துரையின் தங்கை கல்யாணத்தில், பந்தி முடிந்து வெற்றிலை போட்ட கையோடு அவன் ஒரு பீடியை நீட்டினான். ஒன்றுதானே என்று வாங்கினேன். அடுத்த வாரம் பழையபடி ஆகிவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பீடி வாடை அடிக்கும் வீட்டில் என் சட்டை வாடையை யார் கண்டுபிடிக்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தச்சநல்லூரில் கோமதியைப் பெண் பார்க்கப் போனோம். அவளுடைய அப்பா எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "மாப்பிள்ளைக்குப் பழக்கவழக்கம் ஏதும் உண்டா?" அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். "பீடி குடிச்சிக்கிட்டு இருந்தாரு. உடம்புக்கு ஆகலைன்னு விட்டுட்டாரு." மறைக்காமல் சொன்னது அவருக்குப் பிடித்துப்போனது. அங்கேயே பேச்சு முடிந்துவிட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணன் முன்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டான். நீங்கள் என் பக்கத்தில் இருந்தீர்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் மெல்லக் கேட்டீர்கள்.

"தம்பி, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லணும். முன்னால வீட்டுக்குள்ள கால வைக்கும்போதே சுளவைத் தள்ளி வைங்கன்னு சொல்லுவீய. கொஞ்ச நாளா சொல்லவே மாட்டேங்கீய. அந்த வாடை இப்ப உங்கள ஒண்ணும் செய்யலியோ?"

நீங்கள் கோபப்படவில்லை. "அத்தன பேரு முன்னால சொல்லிட்டு வாரேன். அந்தப் பிள்ள மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றீர்கள். பிறகு, முன்னால் தூங்கிக்கொண்டிருந்தவனைக் காட்டி, "உங்க அண்ணன்ட்ட பீடிய விடச் சொல்லிச் சொல்லி நான் தோத்துட்டேன். நீங்களும் என்னைத் தோக்கடிச்சிராதீய" என்றீர்கள்.

அகப்பட்டுக்கொண்டவனுக்கு வரும் எரிச்சல் எனக்கு வந்தது. "நீங்க சுத்துத பீடியையும் எவனோ ஒருத்தன் குடிக்கத்தானே செய்யுதான், மதினி?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னீர்கள்.

"குடிக்கத்தான் செய்யுதான். எனக்குத் தெரியாதுன்னா நினைக்கீய? வேற வேலை கிடைச்சா நாளைக்கே விட்டுருவேன். எனக்கு இது வயித்துப்பாடு. உங்களுக்கு என்ன பாடு?"

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டில் சுளவு இல்லை, இலைக்கட்டு இல்லை, தூள் டப்பா இல்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் எதிர்வீட்டுப் பாப்பா அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே பெண்களோடு உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தீர்கள். காலையில் அடுப்பு வேலை முடித்து அங்கே போவதும், இடையில் உலை வைக்க ஓடிவருவதும், திரும்ப ஓடுவதுமாக உங்கள் நாள் கழிந்தது. அந்த அலைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பெண்களிடம் மட்டும் எல்லாம் சொல்லிவிட்டீர்கள். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் தெருமுனையில் திரும்பும்போதே பாப்பா அக்காவின் குரல் கேட்கும்: "ஏளா, மில்லுக்காரரு வாராரு. துணியப் போட்டு மூடுங்க." எல்லாச் சுளவுகளும் மூடிக்கொள்ளும். யாராவது ஒருத்தி நெல்லிக்காயோ பொரிகடலையோ கையில் திணிப்பாள். பீடி சுற்றிப் பிழைக்கிற தெரு முழுக்க ஒருத்தன் பீடி குடிக்காமல் இருக்கக் காவல் இருந்தது.

செல்லத்துரையிடமும் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. "என் தங்கச்சி கல்யாணத்துல நான் நீட்டுனதுதானலே? நானே கூட வாரேன்" என்றான். அன்றிலிருந்து சங்கு ஊதியதும் டீக்கடைப் பக்கம் போகவிடாமல் என்னைப் பாபநாசம் படித்துறைக்கு இழுத்துப் போவான். ஆற்றில் முங்கி எழுந்தால் கொஞ்ச நேரத்துக்கு ஆசை அடங்கும். அவனால் பீடியை விட முடியவில்லை. ஆனாலும் என்னை வீட்டில் விடும்வரை அவன் பற்றவைத்ததில்லை.

அப்படியும் ஒருநாள் விழுந்தேன். மில்லில் அன்று நூல் அறுந்துகொண்டே இருந்தது, மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன், செல்லத்துரையும் வேலைக்கு வரவில்லை. கடையில் ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்தேன். பாதியில் உங்கள் முகம் வந்தது. நேராகப் பாப்பா அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பெண்கள் எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள்.

"முழுசுமா?" என்று கேட்டீர்கள்.

"பாதி."

"மிச்சம்?"

"கீழ போட்டுட்டேன்."

"அப்ப பாதி ஜெயிச்சிருக்கீய" என்றீர்கள். முதலில் சிரித்தது பாப்பா அக்கா. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் மட்டும் சிரிக்காமல் சொன்னீர்கள்: "தண்ணி எடுத்துட்டு வரும்போது காலு இடறுனா குடத்தையா கீழ போட்டுருவோம்? புடிச்சிக்கிட்டு நடக்க வேண்டியதுதான்."

அதுதான் நான் கடைசியாகக் குடித்த பீடி.

தை மாதம் கல்யாணம் நடந்தது. கோமதி வந்தாள், தனி வீடு பார்த்துப் போனோம், பிள்ளைகள் பிறந்தார்கள். நீங்கள் சுற்றிக்கொண்டேதான் இருந்தீர்கள். வேறு வேலை கிடைக்கவே இல்லை. பிறகு இருமல் உங்களைப் பிடித்துக்கொண்டது. வாழ்நாளில் ஒரு பீடியை உதட்டில் வைக்காத உங்கள் நெஞ்சில் தூள் படிந்திருக்கிறது என்றார்கள். எனக்காக அடுக்களைக்கும் எதிர்வீட்டுக்கும் நகர்ந்த சுளவை உங்களுக்காகத் தள்ளி வைக்க எங்களில் யாருக்கும் வழி தெரியவில்லை, மதினி.

உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்த அன்று, தெருமுனையில் நின்ற ஆண்களில் ஒருவர், "மனசு ஆறும், ஒண்ணு போடும்வே" என்று என்னிடம் ஒரு பீடியை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன். கோமதி அதைப் பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலம்தான் அவள் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முன்னால், ஜாக்கெட் அளவு வாங்கப் போகிறேன் என்று சொல்லி நீங்கள் தனியாகத் தச்சநல்லூர் போனீர்களாம். அவளை மட்டும் அழைத்து வைத்துக்கொண்டு பேசினீர்களாம். "அன்னைக்கு உங்கப்பாட்ட நான் சொன்னதுல பாதிதான் நெசம். அவரு விட்டுட்டுத் திரும்பவும் தொட்டுட்டாரு. இப்ப மறுபடி விட்டுக்கிட்டு வாராரு. வேண்டாம்னா இப்பவே சொல்லிரு, பழி எம்மேல வரட்டும். சரின்னா ஒண்ணே ஒண்ணு. அவரு விழுந்தாலும் ஏசாத. ஏசுனா மறைப்பாரு."

"நீ என்ன சொன்ன?" என்று கோமதியைக் கேட்டேன்.

"ரெண்டு நாள் யோசிச்சேன். இப்படி ஒரு அக்கா இருக்க வீட்டுக்குப் போகலாம்னு தோணிச்சு" என்றாள். எனக்குத் தெரிந்தால் அவள் முன்னால் தலைகுனிந்து நிற்பேன் என்று நீங்கள் சொன்னதால், இத்தனை வருடமும் வாயைத் திறக்கவில்லையாம்.

வீட்டில் இருந்த எல்லோருக்கும் முன்னால் நான் அழுதது அன்றுதான்.

ஆசை முழுசாகப் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மேகம் போட்டுச் சாரல் அடிக்கும் சாயங்காலங்களில் இன்னும் வரும். வந்தால் மறைப்பதில்லை. "கோமதி, இன்னைக்கு ரொம்ப ஆசையா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அவள் ஏச மாட்டாள். "சரி, வாங்க, ஆத்துப்பக்கம் நடந்துட்டு வருவோம்" என்பாள். கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம்.