சைபர் போட்ட டிஸ்க்

அக்கா,

இன்று காலை நம் ஜெராக்ஸ் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடவில்லை. நேராக நீ வைத்த சாமந்திப் பூப் படம் வந்து நின்றது.

நீ இருந்த கடைசிக் காலத்தில் அது அப்படித் திறந்ததில்லை. லினக்ஸ் போட்ட அந்தப் பழைய பெட்டி, முன்பெல்லாம் முப்பது தடவை திறந்தால் ஒரு தடவைதான் தன் டிஸ்கைச் சோதித்துப் பார்க்கும். ஒரு மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வந்ததில், ஸ்கேன் செய்து வைத்திருந்த ஒரு ஃபோல்டர் முழுவதும் அழிந்தது. அன்றைக்கே நீ உட்கார்ந்து முப்பதை ஒன்று என்று மாற்றினாய். "இது போச்சுன்னா நம்ம கடையே போச்சுடி. டெய்லி பாத்துடட்டும்" என்றாய்.

அதற்குப் பிறகு, தினமும் காலையில் சோதனை முடியும்வரை யாருக்கும் பிரிண்ட் கிடையாது. எதிர்க் கறிக்கடை பாய் தலையை நீட்டுவார்.

"ஏன்ம்மா, உன் கம்ப்யூட்டர் இன்னும் பல்லு வெளக்குதா?"

"குளிச்சிட்டு வந்துடும் பாய். ஸ்வல்ப பொறுங்க" என்று கன்னடம் கலந்து சொல்வாய்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடைக்கு வந்த புதிது. நிற்கிறவர்களோடு பேசக் கூசி, சதவீதம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீ நெற்றியை மேசையில் கவிழ்த்து வைத்திருப்பாய்.

நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதால் வரும் தலைவலி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். சிவாஜிநகர் போய்க் கண்ணாடி வாங்கினோம். நீல ஃப்ரேம். உனக்கு அழகாகவே இருந்தது. வலி நிற்கவில்லை என்றதும் அம்மா பவரை மாற்றச் சொன்னாள். மாற்றினோம். கடைசியில் ஆஸ்பத்திரியில் மண்டையை ஸ்கேன் எடுத்த டாக்டர், "ரொம்ப முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். அம்மா உன் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அம்மாவின் தம்பி வந்து கடையைப் பார்த்துக்கொள்கிறார்.

"அந்தச் செக்கிங்க ஆள் வச்சு எடுத்துட்டேன். சைபர் போட்டாச்சு. இனிமே வரவே வராது" என்றார்.

"டிஸ்கு பழசு மாமா."

"நல்லாத்தானே ஓடுது? ஓடுறத எதுக்கு நோண்டணும்?"

நல்லாத்தான் ஓடுகிறது. நீயும் கடைசி வாரம்வரை கடையைத் திறந்தாய்.

மாமா டீ குடிக்கப் போனார். வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். சோதனையை மாற்ற அன்று நீ அடித்த அந்தக் கமாண்ட் வரி எனக்கு மனப்பாடம். சைபர் இருந்த இடத்தில் ஒன்று போட்டேன். கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டுவிட்டு வெளியே வந்து, "லேட்டாகும்ணா. அவசரம்னா வேற கடைக்குப் போங்க" என்றேன்.